எட்டு இடம் வேண்டாம், ஒன்றிரண்டு போதும்

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். பையனுக்கு 6 வயது, ஜூனில் ஒன்றாம் வகுப்பு போகிறான். பெண்ணுக்கு இரண்டரை வயது. கணவருக்கு ஜவுளிக்கடையில் வேலை, ஞாயிறு மட்டும்தான் லீவு. நான் வீட்டிலிருந்தபடி தையல் வேலை செய்கிறேன். போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் வைத்துக்கொண்டு ஏற்காடு போனோம். மலை ஏறும்போதே இரண்டு பேருக்கும் வாந்தி. ஒரே நாளில் எட்டு இடம் பார்த்தோம். பாதி நேரம் வண்டி நெரிசலில் நின்றது, பெண் அழுதுகொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்து பையனிடம் என்னடா பார்த்தாய் என்று கேட்டால், “குரங்கு தண்ணி பாட்டில் மூடியைத் திறந்துச்சு” என்கிறான். இந்த வருஷம் சம்மர் கேம்ப்பில் சேர்ப்பதா, எங்காவது கூட்டிக்கொண்டு போவதா? எதுவும் செய்யாவிட்டால் நாள் முழுக்க டிவியும் செல்போனும்தான். குழந்தைகள் சிணுங்கினால் என் மாமியாரும் உடனே போனைக் கொடுத்துவிடுகிறார். அதிகம் செலவு செய்ய முடியாத குடும்பம் எங்களுடையது. – ஒரு வாசகி, சேலம்

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குரங்குதான். உங்கள் பையன் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறான். அன்று அவன் நின்று நிதானமாக, கிட்டத்தில் பார்த்த ஒரே விஷயம் அதுதான். ஒரு விலங்கு மூடியைப் பிடிப்பதையும் திருகுவதையும் தண்ணீர் கொட்டுவதையும் முழுசாகப் பார்த்தான், அது மனதில் நின்றுவிட்டது. ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனையில் நின்று கீழே சேலத்தைப் பார்ப்பது நமக்குச் சுகம். மூன்றடி உயரக் குழந்தைக்கு அங்கே தெரிவது கம்பித் தடுப்பும் பெரியவர்களின் முதுகும்தான்.

இதை வைத்தே இந்தக் கோடையைத் திட்டமிடலாம். சின்னக் குழந்தைகளுக்கு இடங்களின் எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை. கையால் தொட்டு, திரும்பத் திரும்பச் செய்து, போதும் என்று அவர்களே சொல்லும்வரை ஒரு இடத்தில் இருக்க விட்டால் அதுதான் அவர்களுக்கு விடுமுறை. வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு அரை நாள் மட்டும் வெளியே. மற்ற நாட்களில் வீட்டிலோ தெருவிலோ நாளுக்கு ஒரு விஷயம். இதற்கு மேல் வேண்டாம்.

முதலில் வெயில். மே 4 முதல் 28 வரை கத்திரி. சேலத்தில் அதற்கு முன்பே, ஏப்ரலிலேயே வெயில் 38, 40 டிகிரியைத் தொட்டுவிடும். ஆகவே காலை 10 மணிக்குள், மாலை 5 மணிக்கு மேல் என்பதுதான் வெளியே விளையாடும் நேரம். இரண்டரை வயதுக் குழந்தை ஒரு நாளில் மொத்தமாக 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காலையில் ஒன்றரை, மாலையில் ஒன்றரை என்று பிரித்துக்கொண்டால் வெயிலில் நிற்காமலே அது நடந்துவிடும். நண்பகலில் வீடு, சாப்பாடு, தூக்கம். இரண்டரை வயதுப் பெண்ணின் மதியத் தூக்கத்தைக் கெடுத்து நீங்கள் போகும் எந்த ஊரும் அவளுக்கு நரகம்தான். அன்று ஏற்காட்டில் அவள் அழுததற்கு முக்கியமான காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

சரி, ஏற்காட்டுக்கு வருவோம். போகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மேலே ஏறினால் சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவு, குழந்தைகளுக்கு அது எவ்வளவு பெரிய வரம்! ஆனால் ஏற்காடு நமக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. சுமார் 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிப்பது நியாயம். நமக்கு அந்த அவசரம் எதற்கு? விடியற்காலை 5:30 மணிக்குக் கிளம்புங்கள். ஏழு மணிக்கெல்லாம் மேலே இருப்பீர்கள். கூட்டம் மலையேறி வரும் நேரத்தில், பதினொன்றரை மணிக்கு, நீங்கள் இறங்கத் தொடங்கிவிடலாம். மதியச் சாப்பாடு வீட்டில், தூக்கம் அவரவர் படுக்கையில். மே மாதத்தில் கோடை விழா நடக்கும் நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மலர்க் கண்காட்சி அழகுதான், ஆனால் அந்தக் கூட்டத்தில் இரண்டரை வயதுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடியாது. அந்த நாட்களில் இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று போக்குவரத்தைத் திருப்பிவிடுவதும் உண்டு. கணவருக்கு வார நாளில் ஒரு நாள் லீவு கேட்டு வாங்க முடிந்தால், மே மாத ஞாயிறைவிட அது பல மடங்கு மேல்.

மேலே போய் என்ன செய்வது? ஒன்று, ஏரிக்கரையும் அதன் பக்கத்திலிருக்கும் அண்ணா பூங்காவும். அங்கே ஊஞ்சல், சறுக்கு என்று காலை இளவெயிலில் விளையாட விடுங்கள். படகு சவாரி தொடங்கும் நேரத்துக்கு முதல் ஆளாக ஏறிவிடலாம். குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கி, எல்லாக் கொக்கியையும் மாட்டிவிட்டு உட்காருங்கள். பெரியவர்கள் அளவு ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் அது மேலே கழன்று வந்துவிடும்.

இரண்டாவது, காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஏதாவது ஒரு அமைதியான சாலையில் அரை மணி நேர நடை. இதற்கு டிக்கெட் கிடையாது. தோட்டத்துக்குள் நுழையத் தேவையில்லை, சாலை ஓரமே போதும். நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் இலை கீழே நிறைய உதிர்ந்து கிடக்கும். ஒன்றை எடுத்துப் பையன் கையில் கொடுங்கள். மேல்பக்கம் பச்சை, திருப்பினால் வெள்ளி. அதே மரத்தில் மிளகுக்கொடி சுற்றி ஏறியிருக்கும், அதன் அடியில் காப்பிச் செடி. மூன்று இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பெண் அங்கே கூழாங்கல் பொறுக்குவாள், ஒரே கல்லைப் பத்து முறை உங்களிடம் கொடுத்து வாங்குவாள். அவசரப்படுத்தாதீர்கள். கிளியூர் அருவியை இந்த வயதில் விட்டுவிடுங்கள். செங்குத்தான படிகள், கோடையில் பெரும்பாலும் தண்ணீரும் பெயருக்குத்தான் இருக்கும். நேரம் மிச்சமிருந்தால் பகோடா பாயிண்ட் போகலாம். அங்கே அடுக்கி வைத்திருக்கும் கல் கோபுரங்களைப் பார்த்த எந்தக் குழந்தையும் தானும் கல் அடுக்க உட்கார்ந்துவிடும். பள்ளத்தின் ஓரத்திலிருந்து தள்ளி உட்காரவைத்துவிட்டு அடுக்க விடுங்கள்.

இனி வாந்தி. அடிவாரம் வழியாக ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு. உள்காது ‘திரும்புகிறோம்’ என்று மூளைக்குச் சொல்கிறது. குழந்தை குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் ‘ஒன்றும் அசையவில்லை’ என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். 2 வயதிலிருந்து 12 வயதுவரை இது அதிகம், அதனால் உங்கள் குழந்தைகளுக்கு ஏதோ குறை என்று நினைக்க வேண்டாம். மலை ஏறும்போது போன் அறவே கூடாது. பின்சீட்டின் நடுவில், முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரியும்படி உட்காரவையுங்கள். முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம், திடீர் பிரேக்கில் முதலில் அடிபடுவது குழந்தைதான். பஸ்ஸில் போனால் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள இருக்கை. வெறும் வயிறும் கூடாது, முட்டமுட்டப் பாலும் கூடாது. கிளம்புவதற்கு அரை மணி முன்பு ஒரு இட்லி, அவ்வளவுதான். ஜன்னல் திறந்திருக்கட்டும். ஏழெட்டு வளைவுக்கு ஒருமுறை, வண்டி நிறுத்த இடம் இருக்கும் இடத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நிற்கலாம். டிரைவரிடம் முதலிலேயே மெதுவாக வளைக்கச் சொல்லிவிடுங்கள். வாந்தி மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பாதியாக உடைத்துக் கொடுப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாத மருந்தும் அதில் உண்டு. தேவைப்பட்டால் பெண்ணின் எடையைப் பார்த்து உங்கள் குழந்தை மருத்துவர் எழுதித் தரட்டும்.

அந்தக் குரங்கைப் பற்றியும் ஒன்று. வளைவுகளில் வண்டியை நிறுத்திப் பழம் போடாதீர்கள், குழந்தையின் கையில் தின்பண்டப் பாக்கெட்டோடு இறங்காதீர்கள். கீறினாலோ கடித்தாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடக்கூடாது.

ஏற்காடு ஒரு ஞாயிறு. மற்ற ஞாயிறுகளுக்கு மலையே ஏற வேண்டாம். குரும்பப்பட்டி வன உயிரியல் பூங்கா மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. காலையில் திறந்ததும் போய் மானையும் மயிலையும் முதலையையும் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். கிளம்புமுன் வார விடுமுறை நாளை விசாரித்துக்கொள்ளுங்கள். முதலைத் தொட்டிக்கு வெளியே பையன் இருபது நிமிடம் நின்றால் நிற்கட்டும், “அது செத்துப்போச்சா?” என்று கேட்டால் நீங்களும் கூட நின்று அது எப்போது அசைகிறது என்று பாருங்கள். அப்பா கடையிலேயே நாளெல்லாம் நிற்பவர், அவருக்கும் குழந்தையோடு இப்படி ஒன்றும் செய்யாமல் நிற்கும் நேரம் கிடைக்கட்டும்.

நாமக்கல் சாலையில் பனமரத்துப்பட்டிப் பக்கம் பொய்மான் கரடு இருக்கிறதே, அதற்கு ஒரு மாலை. குறிப்பிட்ட தூரத்தில் நின்று பார்த்தால் பாறை இடுக்கில் கொம்போடு ஒரு மான் நிற்பது போலத் தெரியும், கிட்டே போனால் காணாது. ஆறு வயதுப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எந்த இடம்வரை மான் தெரிகிறது, எந்த அடியில் மறைகிறது என்று அவனே முன்னும் பின்னும் நடந்து கண்டுபிடிக்கட்டும். விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் இன்னொரு காலை. சாமி கும்பிட்டுவிட்டு யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையைக் காட்டுங்கள். வாலியும் சுக்ரீவனும் சண்டையிடும் சிற்பத்தையும் காட்டுங்கள். ராமன் நிற்கும் இடத்திலிருந்து வாலி தெரிவான், வாலி இருக்கும் இடத்திலிருந்து ராமன் தெரிய மாட்டான். இரண்டு தூணுக்கும் நடுவே பையன் ஓடி ஓடிச் சரிபார்ப்பான். பத்து மணிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். அதற்கு மேல் பிராகாரத்துக் கல் குழந்தையின் பிஞ்சுப் பாதத்தைச் சுட்டுவிடும்.

அதிகச் செலவில்லாத இன்னொன்று ரயில். சேலம் டவுன் ஸ்டேஷனில் விருத்தாசலம் போகும் பாசஞ்சரில் ஏறி வாழப்பாடியில் இறங்கி, டிபன் சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பலாம். போய்ச் சேரும் இடம் முக்கியமில்லை, ரயில்தான் விஷயம். மேட்டூர் போனால் பூங்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காவிரியில் கால் நனைக்கிறோம் என்று இறங்கவே வேண்டாம், அந்த ஆழமும் இழுப்பும் கரையிலிருந்து தெரியாது.

வார நாட்களுக்கு என் முதல் சிபாரிசு வடகம். சேலத்தில் இருந்துகொண்டு ஜவ்வரிசிக்குப் பஞ்சமா? முதல் நாள் மாலை ஜவ்வரிசியை ஊறப்போடும் வேலை பையனுடையது. வெள்ளை மணிகளைத் தொட்டுப் பார்க்கட்டும். விடியற்காலையில் அப்பாயி கூழ் காய்ச்சும்போது அடுப்புப் பக்கம் இருவரும் வரக்கூடாது, கொதிக்கும் கூழ் தோலில் ஒட்டினால் தண்ணீரைவிட மோசமாகச் சுடும். ஆறிய பிறகு காட்டுங்கள், வெள்ளை மணியெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். குழந்தைகளுக்கென்று மிளகாய் சேர்க்காமல் ஒரு பாத்திரம் தனியாக எடுத்து, கொஞ்சம் பீட்ரூட் சாறு விட்டுக் கொடுங்கள். மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து, அண்ணன் வரிசையாக ஸ்பூனில் வைப்பான், தங்கை எங்கே வேண்டுமானாலும் கொட்டுவாள். கொட்டட்டும், அதுவும் காயும். எட்டு மணிக்குள் வேலை முடிந்து கீழே வந்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்ததும் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுக்கும் வேலைக்கு இருவரையும் கூப்பிடுங்கள். அப்புறம் எண்ணெயில் போட்டதும் அது மலர்வதை எட்டத்திலிருந்து பார்க்கட்டும். காய்ந்த வடகத்துக்குள் ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்ச ஈரம் ஆவியாகி உப்புகிறது என்று பையனிடம் சொல்லலாம், ஒன்றாம் வகுப்புக்காரனுக்குப் புரியும். இப்படி ஒரே ஒரு வடகம் இரண்டு மூன்று நாள் வேலையாகிவிடும். இரண்டு வயதுக்காரிக்கும் ஆறு வயதுக்காரனுக்கும் ஒரே வேலையில் பங்கு கிடைப்பது அபூர்வம், இதில் கிடைக்கும்.

மாம்பழ சீசனையும் விடாதீர்கள். குண்டு, மல்கோவா, இமாம் பசந்த் மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்துப் பெயர் சொல்லும் ஆட்டம் ஆடலாம். காம்புப் பால் உதட்டில் பட்டால் புண்ணாகும், அதனால் பழத்தைத் தண்ணீரில் போட்டுக் கழுவிவிட்டுக் கொடுங்கள். மாம்பழம் சூடு, கட்டி வரும் என்று வீட்டில் சொல்வார்கள். கோடையில் வரும் கட்டிக்குக் காரணம் வியர்வையும் கிருமியும்தான், தினம் இரண்டு வேளை குளிக்க வைத்தால் பழத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். கொட்டையின் ஓட்டைப் பெரியவர்கள் பிளந்து உள்பருப்பை எடுத்துத் தொட்டியில் ஊன்றினால் சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர் வரும். தினம் தண்ணீர் ஊற்றுவது பையன் பொறுப்பு.

மதிய வெயிலில் குளியலறையில் ஒரு அகலமான பேசின், நாலு டம்ளர், ஒரு வடிகட்டி, ஒரு புனல். முக்கால் மணி நேரம் ஓடிவிடும். முடிந்ததும் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் கூடவே இருக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தை மூழ்குவதற்கு அரை வாளித் தண்ணீர் போதும், சத்தமும் வராது. உறவினர் ஊருக்குப் போனால் கிணற்றடியிலும் தொட்டியடியிலும் இதே கவனம். மாலையில் தெருமணலில் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் கற்றுக்கொடுங்கள், மணல் கரைக்குள் குச்சியை ஒளித்துக் கைகோத்து மூடுவது இரண்டு பேருக்குமே பிடிக்கும். உங்கள் அம்மாப்பேட்டையில் தறி ஓடும் வீடு பக்கத்தில் இருந்தால், அனுமதி கேட்டு ஒரு கால் மணி நேரம் பையனைக் கூட்டிப்போங்கள். நீள நூல்களான பாவுக்குள், குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவதை அவன் கண் சிமிட்டாமல் பார்ப்பான். பல்லாங்குழி மட்டும் தங்கை தூங்கும் நேரத்தில். புளியங்கொட்டை, சோழி, முழு வேர்க்கடலை எல்லாம் அவள் மூச்சுக்குழாயில் போய் அடைக்கும் அளவில்தான் இருக்கின்றன.

தண்ணீர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், விளையாட்டு மும்முரத்தில் குழந்தைகள் கேட்க மாட்டார்கள். மோர், இளநீர், நுங்கு, பானகம் எதுவானாலும் சரி. வழியில் விற்கும் கலர் ஐஸ் வேண்டாம். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ குழந்தை துவண்டு கிடந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

சம்மர் கேம்ப் கேட்டிருந்தீர்கள். பெண்ணுக்கு இந்த வயதில் தேவையே இல்லை. பையனைச் சேர்ப்பதாக இருந்தால் நீச்சல் மட்டும் சேருங்கள். ஆறு வயது அதற்கு நல்ல வயது, வாழ்நாள் முழுக்க உயிரைக் காக்கும். காலை நேர வகுப்பா, ஒரு பயிற்சியாளரிடம் எத்தனை குழந்தைகள், சிறுவர்களுக்கு ஆழம் குறைந்த குளம் தனியாக உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். கையெழுத்துப் பயிற்சி, அபாகஸ் எல்லாம் ஜூனுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக உங்கள் மாமியார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நீங்கள் தையல் மிஷினில் இருக்கும்போது இந்த வயதில் இரண்டு குழந்தைகளை அவர்தான் சமாளிக்கிறார், களைத்துப்போய்த்தான் போனைக் கொடுக்கிறார். 2 வயதிலிருந்து 5 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. அந்த ஒரு மணி நேரத்தை அவருக்கே கொடுத்துவிடுங்கள். எப்போது என்பதை அவர் முடிவு செய்யட்டும், டிவியில் பார்க்கட்டும், கூட உட்கார்ந்து பார்க்கட்டும், போன் உங்கள் மிஷின் டிராயரில் இருக்கட்டும். “குழந்தைகளைப் பார்த்துக்கங்க அத்தை” என்பதைவிட, “இந்த வருஷம் வடகம் நீங்கதான் சொல்லித்தரணும் அத்தை” என்று கேட்டுப் பாருங்கள். ஏற்காட்டுக்கும் அவரைக் கூட்டிப்போங்கள். போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவு வரும்போது அங்கே எடுத்த படங்களின் கதையைப் பேரனுக்குச் சொல்லச் சொல்லுங்கள். முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் அவர் ஒரு கதையாவது முடித்துவிடுவார், போன் எங்கே என்ற கேள்வியும் வராது.